கோட்டம்

ஃபிர்மினி ஞாயிற்றுச் சந்தையில் மழை.
தையல் மெஷினுக்கும் காலிப் பறவைக்கூண்டுக்கும் நடுவே
எண்பது யூரோவுக்குச் சாய்ந்து கிடந்தது,
மூட்டை கட்டிக்கொண்டு மலை மலையாய்ச் சுற்றவென்று
ஐம்பத்து நான்கில் செய்த சைக்கிள்.
சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்த அலுமினிய மட்கார்டு.
முன்சக்கரத்தின் மேலே ஒரு குட்டிக் கேரியர்.
டயரை உரசி விளக்கெரிக்கும் டைனமோ.
ஒதீல் பேரம் பேசவில்லை.
கிரெனோபிளில் வஸ்ஸால் என்றொருவர்
ஆயிரத்தைந்நூறு தருவார் இதற்கு.

சேன்-எத்தியெனில் அவள் காருக்கு இருந்த இடத்தில்
சைக்கிள் நின்றது.
கார் நவம்பரில் நனைந்தது.

முதலில் ஸீட் கம்பி.
இரும்புக்குள் அலுமினியம் இறுகி
எது எதுவென்று தெரியாதபடி ஒன்றாகியிருந்தது.
ஆறு இரவு எண்ணெய் குடித்தது.
ஏழாம் நாள் ஒரு கெட்ட வார்த்தைக்குக் கழன்றது.

பிறகு கோட்டர் பின்கள்.
வலதுக்கு நான்கே அடி.
இடது, அடிக்க அடிக்கத் தலை நசுங்கி உள்ளேயே உட்கார்ந்துகொள்ள
துளைபோட்டுத்தான் எடுத்தாள்.
கிராங்க் இரண்டையும் பெஞ்சில் அருகருகே வைத்தபோது
இடது, பதினைந்து மில்லிமீட்டர் குட்டை.
எவனோ நடுவில் நறுக்கி
பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறான்.
"கசாப்புக்காரன்" என்றாள்,
ஆணி டப்பாவில் எறிந்தாள்.
கண்ணாடிபோல் மின்னும் ஒரு ஜோடியை
நாந்த்திலிருந்து வரவழைத்தாள், நூற்று நாற்பதுக்கு.

சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தாள்.
போக்ஸ் கம்பிக்குக் கால் திருகு, அடுத்ததற்கு அரை.
பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே
சிகரெட் தாள் கனத்துக்கு வெளிச்சம்
எங்கும் ஒடுங்காமல் சுற்றி வந்தது.
இனி இதில் கோணல் என்று எதுவும் இல்லை,

தோல் ஸீட்டைத் தவிர.
இடப்பக்கம் பள்ளம்.
வலப்பக்கம் கிட்டத்தட்டக் கடைப் புதுசு.
கொழுப்பு தடவி நீவினாள், நனைத்து இழுத்துக் கட்டினாள்.
தோல் கேட்கவில்லை.

பகலில் அவள் இருப்பது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்.
செவ்வாய்க்கிழமை ஒரு ரொட்டிக்கடைக்காரர்,
இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நெட்டையாய் ஒரு படம்.
"அசையாதீர்கள்."
திரையில் புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள்.
வலது எண்ணூற்று முப்பத்தொன்று.
இடது எண்ணூற்று ஒன்பது.
பதினெட்டு வருடமாக இழுக்கிற கோடு.
கை அப்படியே நின்றுவிட்டது.
"ஏதாவது மோசமா?" என்றார் அவர்.
"உங்களுக்கு இல்லை."

அன்றிரவு டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள்.
பித்தளைத் தையலின்மேல் நகத்தை ஓட்டினாள்.
நகம் எங்கும் தடுக்கவில்லை.
கசாப்புக்காரன் இல்லை, அளந்தவன்.
ஒரு உடம்பை நிற்கவைத்து, உட்காரவைத்து,
மறுபடி நிற்கவைத்து அளந்தவன்.

வஸ்ஸால் வந்தார், குனிந்தார், தடவினார்.
"எல்லாம் பிரமாதம். அந்த இடதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்."
கொடுக்கவில்லை.
மின்னும் ஜோடியை அவரிடமே விற்றாள்,
நூற்று ஐம்பதுக்கு.

ஊருக்குத் தெற்கே ஏற்றத்தில் தானே மிதித்துப் பார்த்தாள்.
வலதுகால் ஒரு நெடில்,
இடதுகால் ஒரு குறில்,
நெடில் குறில், நெடில் குறில்
என்று பைன் மரங்களுக்குள் ஏறியது வண்டி.
மூன்றாம் கிலோமீட்டரில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
சமமான கால்கள் இதற்குச் சரிப்படாது.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தாள்:
மலைப்பயண சைக்கிள், 1954, முழுதும் சீர்செய்தது.
இடதுகால் குட்டையானவருக்கு மட்டும்.

பிப்ரவரியில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், சிரிக்க.
மார்ச்சில் ஒரு பெண்குரல், மூச்சிரைப்போடு:
"எவ்வளவு?"
விலையைச் சொன்னாள் ஒதீல்.

"அதில்லை" என்றது குரல்.
"எத்தனை மில்லிமீட்டர்?"